மீன் நாற்றம் அடங்கினால் சாப்பாடு தயார்

போன கச்சான் காற்றுக் காலத்தில், திருகோணமலையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு பழைய ரெஜிபோம் மீன்பெட்டியை வைத்துச் சலாது வளர்க்கப் பார்த்தேன். மூடியில் ஓட்டை போட்டு, தும்புத்தூளில் முளைத்த கன்றுகளை வேர் தண்ணீரில் படும்படி இறக்கினேன். உரத்துக்கு, சூடை மீனின் தலையையும் குடலையும் அதே நிறைச் சர்க்கரையோடு மூன்று கிழமை ஊறவைத்து வடித்த பாணி. அரைக் கோப்பை ஊற்றினேன். நாலாம் நாள் வேரெல்லாம் பழுப்பேறி வழுவழுத்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, கிணத்துக்குள்ள ஏதும் செத்துக் கிடக்குதோ?" என்று கேட்டார்.

செத்தது கன்றுகள்தான். ஆனால் அதே பாணியை நிறையத் தண்ணீர் கலந்து கத்தரிக்கு ஊற்றினால் மரம் போல எழும்புகிறது. அப்படியென்றால் மண்ணில் இருப்பது எது, பெட்டியில் இல்லாதது எது?

மீன்பாணியில் நைதரசன் தாராளமாக உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி புரதத்துக்குள்ளும் அதன் துண்டுகளுக்குள்ளும் பூட்டிக் கிடக்கிறது. வேரோ நைதரசனைப் பெரும்பாலும் நைத்திரேற்று, அமோனியம் என்ற இரண்டு வடிவங்களில்தான் உறிஞ்சும். மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்கு நம் நாட்டில் வழக்கமாக வாங்கும் அல்பேர்ட் கரைசல் தூளைத் தண்ணீரில் போட்டால், செடி எடுக்கக்கூடிய வடிவில் சத்து உடனே வந்துவிடும். மீன்பாணி அப்படியல்ல, அது சமைக்காத அரிசி.

சமையல் செய்வது பற்றீரியாக்கள். ஒரு கூட்டம் புரதத்தை உடைத்து அமோனியா ஆக்கும். நைத்ரோசோமோனாஸ் போன்றவை அதை நைத்திரைற்று ஆக்கும். நைத்ரோபாக்டர் போன்றவை அதையும் மாற்றி நைத்திரேற்றில் கொண்டுபோய் விடும். பின்னைய இரண்டு வேலைகளையும் செய்யும் பற்றீரியாக்களை 1890 அளவில் பிரித்துக் காட்டியவர் ருஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. ஒரு பிடி நல்ல மண்ணில் இந்த மூன்று வகையும் குடியிருக்கும். புதிதாகக் கழுவிய மீன்பெட்டியில் அமோனியா ஆக்குகிற கூட்டம் மட்டும் சட்டென்று பெருகும். மற்ற இரண்டும் சோம்பேறிகள், பெருகக் கிழமைக் கணக்கில் எடுக்கும்.

அதைவிடப் பெரிய பிழை சர்க்கரை. 30 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் பிடித்து வைத்திருக்கும். என் பெட்டியில் 50 லீற்றர், ஆக அரைக் கிராம்கூட இல்லை. ஒரு கிராம் சர்க்கரையைப் பற்றீரியாக்கள் முழுக்கத் தின்றுமுடிக்க ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலான ஒட்சிசன் வேண்டும். நான் ஊற்றிய பாணியில் 30 கிராம் சர்க்கரை எஞ்சியிருந்தது என்று வைத்தாலும் கணக்குப் பாருங்கள்! மேற்பரப்பால் புதுக் காற்று கரைவதற்குள் வேர் மூச்சடைத்துவிடும். அக்காவின் மூக்குக்குப் போனது ஒட்சிசன் தீர்ந்த தண்ணீரின் அழுகல் நாற்றம்.

அதனால் இப்போது சமையலை வேறு வாளியில் செய்கிறேன். நன்றாக மக்கிய கூட்டெருவை ஒரு பிடி துணியில் கட்டித் தொங்கவிட்டு, மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டாரை இரவும் பகலும் ஓடவிடுகிறேன். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போனபிறகே எடுப்பேன். கிருமியைக் கொல்லும் மருந்து நம் சமையல்காரரையும் கொல்லும். மீன்பாணியை நாளுக்குச் சில துளிகள் மட்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட முறையும் இந்த வழிதான்: மரப்பட்டை எருவிலிருந்து பற்றீரியாவை விதைத்து, மீன் உரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நைத்திரேற்று வந்தபிறகே செடி. மொத்தமாகக் கொட்டினால் கடைசி இரண்டு கூட்டமும் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

எப்போது தயார் என்று அறிய மூக்கே போதும் என்பேன். இரண்டு, மூன்று கிழமையில் நாற்றம் அடங்கி ஈரமண் வாசம் வரும். நம்பிக்கை இல்லாதவர்கள் மீன்வளர்ப்புக் கடையில் நைத்திரேற்றுச் சோதனைத் தாள் வாங்கலாம். தண்ணீரில் கரைந்த சத்தை மதிப்பிட வைக்கும் மின்கடத்துதிறன் மானியை மட்டும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அது மின்னேற்றமுள்ள துகள்களான அயன்களைத்தான் எண்ணும், உடையாத புரதம் அதன் கண்ணில் படாது.

தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். விடயத்தில் (எண் குறைந்தால் புளிப்புக் கூட) சின்னச் சண்டை உண்டு. பற்றீரியாவுக்கு 7க்கு மேலே பிடிக்கும், செடிக்கு 6 பக்கம் பிடிக்கும். 6.5 அளவில் இருவரையும் சமாதானப்படுத்தலாம். நைத்திரேற்று உண்டாகும்போது தண்ணீர் புளித்துக்கொண்டே போகும். அதற்குத் தென்னை மட்டைச் சாம்பல் ஒரு சிட்டிகை போடுகிறேன், மீனில் குறைவான பொற்றாசியமும் அதனோடு கிடைத்துவிடுகிறது. இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை, அதற்கு மீனை நம்பிப் பயனில்லை. இலையை அறுத்ததும் நன்றாகக் கழுவித்தான் தின்ன வேண்டும், பச்சைக் கழிவில் தொடங்கிய தண்ணீர் அல்லவா.

இப்போது பெட்டியில் கங்குன் கீரை நிற்கிறது. வெயிலுக்கும் வெதுவெதுப்பான தண்ணீருக்கும் அது அசையாது; நேற்று ஒரு பிடி அறுத்து அக்கா வீட்டுக்கும் கொடுத்தேன். சலாதுவை வாடைக்காற்று தொடங்கியபின் பார்ப்போம்.