ஊசி கரையும், தழும்பு கரையாது

கைபேசியை முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, அதையே ஐந்தடி தள்ளி ஒரு மேசைமீது சாய்த்து நிறுத்தி, டைமர் வைத்து இன்னொரு படம் எடுங்கள். இரண்டிலும் முகம் ஒரே அளவில் தெரியும்படி பெரிதாக்கி அருகருகே வையுங்கள். முதல் படத்தில் மூக்கு புடைத்திருக்கும், காதுகள் பின்வாங்கியிருக்கும்.

கேமராவில் கோளாறு ஏதுமில்லை. மூக்கு நுனியிலிருந்து காது ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. கேமரா மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் காதுக்கு 42 சென்டிமீட்டர். காதின் தூரம் மூக்கின் தூரத்தைப்போல 1.4 மடங்கு. கேமராவை 150 சென்டிமீட்டருக்குத் தள்ளி வைத்தால் காதுக்கு 162. இப்போது அது 1.08 மடங்குதான். கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவே. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டு, ஓரடியில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தோன்றும் என்று வெளியிட்டார்கள். செல்ஃபியைக் காட்டி மூக்கைக் குறைக்கக் கேட்பவர்களுக்கு, அந்த மூக்கு அவர்கள் முகத்தில் இல்லவே இல்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

படத்தைச் சரிபார்த்த பிறகும் அழகு சிகிச்சையால் மாற்றிக்கொள்ளும் விருப்பம் இருந்தால், அது அவரவர் உரிமை. அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எவ்வளவு செலவு, வலிக்குமா, எத்தனை நாள் விடுப்பு என்ற கேள்விகளுக்கு முன்பாக ஒன்றைக் கேட்டாக வேண்டும்: பிடிக்காமல் போனால் பழைய நிலைக்குத் திரும்ப வழி உண்டா? விடை உடலின் இயக்கத்தில் இருக்கிறது. சிகிச்சைக்குச் சிகிச்சை மாறுகிறது.

முகச் சுருக்கங்களைப் போக்கப் போடும் போடாக்ஸ் ஊசியை எடுத்துக்கொள்வோம். கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நச்சு அது. லத்தீனில் 'போட்டுலஸ்' என்றால் இறைச்சி அடைத்த சாசேஜ். அதைத் தின்று செத்தவர்களால் வந்த பெயர். ஒரு தசை சுருங்க வேண்டுமானால் நரம்பின் நுனியிலிருந்து அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிவர வேண்டும். அது நரம்பு நுனிக்குள் நுண்ணிய பைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தப் பைகளை நரம்பின் சுவரோடு இணைத்துத் திறக்கச் சில புரதங்கள் சேர்ந்து உழைக்கின்றன. அவற்றில் ஸ்நாப்-25 என்ற ஒன்றை மட்டும் இந்த நச்சு நறுக்கிவிடுகிறது. பைகள் நிறைந்திருக்கின்றன, நரம்பும் உயிரோடு இருக்கிறது, மூளையின் உத்தரவும் வந்து சேர்கிறது. கதவு மட்டும் திறப்பதில்லை. நெற்றியைச் சுருக்க நினைத்தாலும் நெற்றி அசையாது.

இதை அழகுக்காகப் பயன்படுத்தத் தொடங்கியது ஒரு தற்செயல். கண் இமை அடங்காமல் துடிக்கும் நோயாளிகளுக்கு இந்த ஊசியைப் போட்டுவந்த கனடா நாட்டுக் கண் மருத்துவர் ஜீன் கரதர்ஸ், அவர்களின் புருவ நடுவில் இருந்த கோடுகளும் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேருடன் சேர்ந்து 1992இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். புருவக் கோடுகளுக்கு அமெரிக்க அனுமதி 2002இல் கிடைத்தது.

நறுக்கப்பட்ட புரதத்தை உடல் மெல்ல மீண்டும் உருவாக்கிக்கொள்கிறது. மூன்று நான்கு மாதங்களில் தசை பழையபடி அசைகிறது. ஊசி சற்று விலகிப் பரவி இமை தொங்கிப்போனால் அதுவும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். அதுவரை கண்ணாடி பார்க்கப் பிடிக்காது என்பது வேறு விஷயம். விளைவு முழுமையாகத் தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், ஐந்தாம் நாளே 'போதவில்லை, இன்னொரு ஊசி' என்று போய் நிற்பது வீண் வேலை. இந்தச் சிகிச்சையில் திரும்பும் வழியை உடலே அமைத்துத் தந்துவிடுகிறது.

தோலடியில் செலுத்தி நிரப்பும் ஃபில்லரில் அந்த வழி வேறொருவர் கையில் இருக்கிறது. உதட்டையும் கன்னத்தையும் நிரப்பப் பெரும்பாலும் பயன்படும் ஹயலூரானிக் அமிலம், நம் தோலிலேயே நீரைப் பிடித்துவைத்திருக்கும் பொருள்தான். இயல்பான வடிவில் அது ஓரிரு நாளில் சிதைந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். அதன் இழைகளை வேதிமுறையில் ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டிப்படுத்துவதால் மாதக்கணக்கில் நிற்கிறது. பிடிக்காவிட்டால் ஹயலுரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம்.

கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் ஃபில்லர் தவறி ஒரு ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. மூக்குத் தண்டிலும் புருவ நடுவிலும் ஓடும் தமனிகள், கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியோடு தொடர்புள்ளவை. ஊசியின் அழுத்தம் ரத்த ஓட்டத்தை மிஞ்சிவிட்டால் ஃபில்லர் எதிர்த்திசையில் தள்ளப்பட்டு, அழுத்தம் விட்டதும் ரத்தத்தோடு முன்னேறி விழித்திரையின் தமனியை அடைத்துக்கொள்ளும். பார்வை போவதற்கு நிமிடங்கள் போதும். அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்திருக்கிறது. தோலுக்குப் போகும் குழாய் அடைபட்டால் அந்த இடம் முதலில் வெளிறும், பிறகு வலை பின்னியதுபோல் கருநீலத் திட்டுகள் தோன்றும். சில மணி நேரத்துக்குள் கரைத்தால் தோலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கரைக்கும் மருந்து அந்த அறையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். கேள்வியே புரியாமல் விழிப்பவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம். கரையாத நிரந்தர ஃபில்லர்களும் உண்டு. 'நிரந்தரம்' என்பதை விற்பவர் பெருமையாகச் சொல்வார், எனக்கு அது எச்சரிக்கையாகக் கேட்கிறது.

கத்தி பட்ட பிறகு கணக்கே வேறு. உங்கள் முழங்காலில் சின்ன வயதில் விழுந்த தழும்பு இருந்தால் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். அங்கே முடி முளைத்திருக்காது, வியர்வைத் துளைகள் இருக்காது, தோலின் நுண்வரிகள் அந்த விளிம்பில் வந்து நின்றுவிடும். இயல்பான தோலில் கொலாஜன் இழைகள் கூடை முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். காயத்தை அவசரமாக மூடும் உடலுக்கு அந்த முடைதலுக்கு நேரமில்லை. இழைகளை ஒரே திசையில் அடுக்கிவிடுகிறது. ஒரு வாரம் ஆன காயத்தின் வலு பழைய தோலில் 3 சதவீதம் மட்டுமே. மூன்று மாதத்தில் 80 சதவீதத்தைத் தொடும். அதற்கு மேல் ஏறாது. இரண்டாம் மாதவாக்கில் தழும்பு சிவந்து தடித்து மிக மோசமாகத் தோன்றும், அப்போதுதான் பலர் பயந்துபோவார்கள். அது மங்கி அடங்க ஓராண்டு பிடிக்கும். சிலருக்கு அடங்காமல், வெட்டிய எல்லையையும் தாண்டி வளர்ந்துகொண்டே போகும். இதுதான் கீலாய்டு. கருநிறத் தோலில் இதற்கான வாய்ப்பு அதிகம். காது மடல், மார்பு, தோள் ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். காது குத்தியபோது கட்டி வளர்ந்தவர் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கவே கூடாது. புகைப்பழக்கத்தையும் மறைக்கக் கூடாது. நிகோடின் தோலின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. சதையிலிருந்து பிரித்தெடுத்த தோலை இழுத்துத் தைக்கும் சிகிச்சைகளில், ரத்தம் எட்டாத விளிம்பு கறுத்து அழுகிப்போகும்.

கொழுப்பை உறிஞ்சி எடுப்பதை எடை குறைப்பாக நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். வளர்ந்தவர்களின் உடலில் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் மடிந்து அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன என்று 2008இல் கண்டறிந்தார்கள். உறிஞ்சிய இடத்தில் செல்கள் குறையும். பிறகு அதிகமாகச் சாப்பிட்டால் எஞ்சிய செல்கள் பருக்கும். எடுத்த கொழுப்பைப் பிட்டத்தில் ஏற்றும் அறுவை சிகிச்சை இன்னொரு ரகம். 2017இல் வெளிவந்த மருத்துவர்களின் ஆய்வறிக்கை, இதில் ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் இறப்பதாக மதிப்பிட்டது. அழகுக்காகச் செய்துகொள்ளும் ஒன்றுக்கு இது மிகப் பெரிய எண். பிட்டத் தசைக்குள் இருக்கும் பெரிய சிரைகளில் கொழுப்பு புகுந்து நேரே நுரையீரலை அடைத்ததே காரணம். அதன் பிறகு, தசைக்குள் போகாமல் தோலடியில் மட்டுமே ஏற்ற வேண்டும் என்று மருத்துவச் சங்கங்கள் அறிவுறுத்தின.

மார்பகத்தில் வைக்கும் சிலிக்கோன் பை 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. எந்த அந்நியப் பொருளைக் கண்டாலும் உடல் அதைச் சுற்றி ஓர் உறை கட்டும். அந்த உறை சிலருக்கு இறுகி, பையைக் கல்போல் ஆக்கிவிடும். இவை ஆயுள் முழுவதும் நிற்கும் பொருள்கள் அல்ல. இளம் வயதில் வைத்துக்கொள்பவர் இன்னொரு அறுவை சிகிச்சைக்கும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார். பொருளின் தரமும் வெளியே தெரியாது. பி.ஐ.பி. என்ற பிரெஞ்சு நிறுவனம் தொழிற்சாலை உபயோகத்துக்கான சிலிக்கோனை அடைத்து விற்றது 2010இல்தான் அம்பலமானது. என்ன பொருள், எந்த நிறுவனம், என்ன எண் என்று எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான்.

எந்தக் கத்தியும் எட்டாத ஒரு நிலையும் இருக்கிறது. பிறர் கண்ணுக்கே படாத ஒரு குறையை நாள் முழுக்கக் கண்ணாடியில் தேடுபவர்களுக்கு உடல் உருக்குலைவு உணர்வுக் கோளாறு இருக்கலாம். பொதுமக்களில் ஏறத்தாழ 2 சதவீதம் பேருக்கு இருப்பதாக மதிப்பீடு. அழகு சிகிச்சை தேடி வருவோரிடம் இன்னும் அதிகம். அறுவை முடிந்ததும் கவலை அடங்குவதில்லை, மூக்கிலிருந்து தாடைக்கு இடம் மாறுகிறது. இவர்களுக்கு உதவுவது மனநல சிகிச்சை. அதை உணர்ந்து 'செய்ய மாட்டேன்' என்று பணத்தைத் திருப்பித் தரும் மருத்துவரை நான் மதிப்பேன்.

கடைசியாக, ஆலோசனை அறையில் மேசைமீது விரிக்கப்படும் அந்த 'முன்–பின்' ஆல்பம். முன் படத்தில் வெளிச்சம் மேலிருந்து விழுந்து பள்ளங்களைக் காட்டுகிறதா, பின் படத்தில் முகவாய் சற்று உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, பின் படம் எப்போது எடுத்தது என்று கேளுங்கள். மூக்கு அறுவை சிகிச்சையில் நுனியின் வீக்கம் முழுதும் வடிய ஓராண்டாகும். திருத்தம் தேவைப்பட்டாலும் பெரும்பாலான மருத்துவர்கள் அதுவரை காத்திருந்துதான் தொடுவார்கள். ஆறாவது வாரத்தில் எடுத்த படத்தில் நீங்கள் பார்ப்பது இன்னும் வீங்கியிருக்கும் மூக்கு. பன்னிரண்டாம் மாதத்துப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.