12–12 என்றதும் கை ஏன் இறுகுகிறது?

புதுச்சேரியில் வெயில் தாழ்ந்ததும் பெத்தாங்க் என்ற இரும்புக்குண்டு வீசும் ஆட்டம் ஆட இறங்குகிற எல்லோருக்கும் தெரிந்த கட்டம் இது. ஆட்டம் 13 புள்ளிக்கு. இரண்டு பக்கமும் 12. எதிரணியின் குண்டு, இலக்கான சின்ன மரக்குண்டை ஒட்டி நிற்கிறது. அதை அடித்துத் தூக்கினால்தான் உண்டு; கையில் இருப்பதோ கடைசிக் குண்டு. பயிற்சியில் சளைக்காமல் அடிக்கிறவர், இப்போது ஒரு முழம் முன்னாலேயே தரையில் போடுகிறார். "பயந்துட்டான்பா" என்கிறார்கள் சுற்றி நிற்பவர்கள். பயம் எல்லோருக்கும்தான் வருகிறது, அடித்துவிட்டுப் போகிறவருக்கும் வருகிறது. குண்டைக் கெடுப்பது, அந்தப் பயம் வந்தவுடன் நாம் செய்கிற ஒரு காரியம்.

முதலில் கணக்கு. பெத்தாங்க் குண்டின் விட்டம் 70.5 முதல் 80 மில்லிமீட்டர் வரை. எட்டு மீட்டரில் நிற்கும் 7.5 சென்டிமீட்டர் குண்டை உரசவாவது வேண்டுமென்றால், நம் குண்டு இடவலமாக அரை டிகிரிக்குச் சற்று மேல்தான் விலகலாம். ஒரு டிகிரி விலகினால் 14 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். கோல்ஃபில் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். மூன்று மீட்டரிலிருந்து பந்தைக் குழிக்கு உருட்டும் பட் அடியில் அங்கே இடவலமாகக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ ஒரு டிகிரி. இரண்டுமே நின்ற இடத்தில் நின்று ஆடும் நுட்பமான அடிகள். பெத்தாங்க் என்ற பெயருக்கே காலூன்றி நிற்பது என்றுதான் பொருள். கபடியில் பதற்றம் ஓட்டமாகச் செலவாகிவிடும். இங்கே வீசுகிறவர் நிற்கும் 50 சென்டிமீட்டர் வளையத்துக்குள் அது போக வழியில்லை.

பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, விரல் நுனிகள் சில்லிடுகின்றன, உள்ளங்கை வியர்க்கிறது. எல்லோர் கையிலும் எப்போதும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நடுக்கம் பெரிதாகிறது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை காயவும் காயாது. வழுக்கிவிடுமோ என்று விரல்கள் குண்டை அழுத்துகின்றன.

கையைக் கிட்டே போய்ப் பாருங்கள். நல்ல பிடியில் உள்ளங்கை கீழே பார்க்கும், நான்கு விரலும் ஒட்டியிருக்கும், கட்டைவிரல் சும்மா பக்கத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். பதற்றத்தில் முதலில் கெடுவது அந்தக் கட்டைவிரல்தான். குண்டின் மேல் ஏறிக் கவ்விக்கொள்கிறது. விட வேண்டிய கணத்தில் விரல் விடாது. கை மேலே ஏறிய பிறகு விடுவதால் குண்டு உயரப் போய், பெரும்பாலும் முன்னாலேயே விழுகிறது. மணிக்கட்டும் விறைத்திருப்பதால் குண்டுக்குப் பின்சுழற்சி கிடைப்பதில்லை.

இதைச் சரிசெய்யத்தான் "முழங்கையை நேராக வை, மெதுவாக விடு" என்று நாம் கைக்கு உத்தரவு போடத் தொடங்குகிறோம். உண்மையான கேடு அங்கேதான். பழகிய வீச்சு மூளையில் ஒரே ஓட்டமாகப் பதிந்திருக்கிறது. அதைத் துண்டு துண்டாகக் கண்காணித்தால் ஒட்டு விட்டுப்போகும். அமெரிக்க உளவியலாளர் சியான் பைலாக் குழுவினர் 2002இல் கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்தார்கள். தேர்ந்தவர்கள் தங்கள் கையசைவைக் கவனித்தபோது மோசமாக ஆடினார்கள். கவனத்தை வேறொரு சிறு வேலை பிடித்துக்கொண்டபோது நன்றாக ஆடினார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு இது தலைகீழ். எனவே ஆறு மாதம்கூட ஆடாதவரிடம் "யோசிக்காமல் போடு" என்பது தவறான யோசனை.

அப்படியானால் கவனத்தை எங்கே வைப்பது? கண்ணில். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ், 1992இல் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பார்வையைப் பதிவுசெய்தார். திறமைசாலிகளின் கண் அடிப்பதற்கு முன் இரண்டு நொடி அளவுக்கு ஒரே இடத்தில் நிலைத்திருந்தது. மற்றவர்களின் கண் அலைந்தது. பெத்தாங்கில் அடிக்கும்போது குண்டு முழுவதையும் பார்க்காமல், அதன் ஒரு வரியையோ வெளிச்சம் மின்னும் ஒரு புள்ளியையோ பிடியுங்கள். மரக்குண்டுக்கு அருகே போட்டு வைக்கும்போது அந்த மரக்குண்டைப் பார்க்கவே கூடாது. நம் குண்டு முதலில் விழ வேண்டிய தரையில் ஒரு பொடிக்கல், ஒரு சருகு போதும்.

விதிப்படி வீச ஒரு நிமிடம் இருக்கிறது. அதன் பெரும்பகுதியை வளையத்துக்கு வெளியே செலவிடுங்கள்: தரையின் சரிவு, மேடு, விழும் புள்ளி எல்லாம் அங்கேயே முடிவாகிவிட வேண்டும். குண்டையும் கையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். தோளைக் காதுவரை தூக்கி, பொத்தென்று விடுங்கள். நான்கு நொடி மூச்சை இழுத்து ஆறு நொடி வெளியே விடுங்கள். இரண்டு முறை போதும். மூச்சை விடும்போது இதயத்துடிப்பு தணியும் என்பதால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். அட்ரினலின் இதனால் மறையாது, இதயம் கொஞ்சம் அடங்கும், அவ்வளவே தேவை. பிறகு வளையத்துக்குள் வந்து, கட்டைவிரலைத் தளர்த்தி, புள்ளியைப் பிடித்து, இரண்டு நொடியில் வீசுங்கள். ஐந்து நொடிக்கு மேல் நின்றால் உத்தரவுகள் திரும்பி வந்துவிடும். சந்தேகம் தோன்றினால் கையைத் தாழ்த்தி மூச்சிலிருந்து மறுபடி தொடங்குங்கள், நிமிடம் தாங்கும்.

மூவர் அணியில் ஒரு சுற்றில் உங்களுக்கு இரண்டே குண்டு, மற்றப் பத்தும் பிறருடையவை. அந்த நேரம் முழுக்க முறுக்கேறி நின்றால் மனம் களைத்துவிடும். தண்ணீர் குடியுங்கள், கூட்டாளியோடு பேசுங்கள். டீ வழக்கம்போல் ஒன்று சரி. தெம்புக்கென்று கூடுதலாக ஒன்று குடித்தால் கை நடுக்கம் கூடும்.

இத்தனையும் பதற்றத்தோடு பழகினால்தான் கைக்கு வரும். நாற்பது மீட்டர் ஓடிவிட்டு மூச்சிரைக்க வந்து வீசிப் பாருங்கள். பத்தில் ஐந்து அடிக்காவிட்டால் எல்லோருக்கும் டீ என்று பந்தயம் வையுங்கள். இவ்வளவு செய்தும், விடும் நேரத்தில் கை தானாக வெட்டி இழுக்கிறது என்றால் அது வேறு. கோல்ஃபில் அதை யிப்ஸ் என்பார்கள். சிலருக்கு அது நரம்பின் இயக்கக் கோளாறாகவே இருக்கும். அதற்குக் கூடுதல் பயிற்சி மருந்தாகாது. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.