குறியிடல்: நடத்தை ஆய்வில் 'கோடிங்' என்றால் என்ன?

உளவியல் ஆய்வு செய்கிற ஒருவர் "இந்த வாரம் முழுக்க கோடிங்தான்" என்று சொன்னால், கணினி நிரல் எழுதுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். ஓர் அம்மாவும் மூன்று வயதுப் பிள்ளையும் விளையாடுகிற வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அம்மா சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இது பாராட்டு, இது கட்டளை, இது கேள்வி என்று வகை போட்டுக்கொண்டிருப்பார். பார்த்ததையும் கேட்டதையும், முன்பே எழுதிவைத்த விதிகளின்படி, எண்ணக்கூடிய வகைகளாக மாற்றுவதுதான் இந்தத் துறையில் கோடிங்.

சொல்லின் பூர்விகம் மரம். லத்தீனில் 'காடெக்ஸ்' என்றால் முதலில் மரத்தின் அடித்தண்டு, மரக்கட்டை. மெழுகு பூசிய பலகைகளைச் சேர்த்துக் கட்டி அதில் எழுதினார்கள், அதனால் புத்தகத்துக்கும் அதே பெயர் வந்தது, அப்புறம் சட்டத் தொகுப்புக்கும் (529இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்டது, 1804இல் நெப்போலியன் கொண்டுவந்தது). தந்தியும் மோர்ஸும் வந்த 19ஆம் நூற்றாண்டில் 'இந்தக் குறிக்கு இந்தப் பொருள்' என்ற ஏற்பாட்டையும் கோட் என்றார்கள். ஆய்வாளர்களின் கோடிங்கில் இரண்டு பொருளும் இருக்கின்றன: வகைக்கு ஒரு சுருக்கக் குறி, அதை எப்போது போடலாம் என்று சொல்ல ஒரு சட்டப் புத்தகம்.

அந்தச் சட்டப் புத்தகம் எவ்வளவு கறாரானது என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் பெற்றோரும் பிள்ளையும் பழகுவதைக் குறியிட 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையைப் பார்க்கலாம், அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டிபிக்ஸ் (DPICS) என்பார்கள். இதில் பாராட்டே இரண்டு வகை. "சமத்து!" என்று மட்டும் சொன்னால் அது பொதுப் பாராட்டு. "பொம்மையை எல்லாம் எடுத்து வெச்சிட்டியே, சமத்து!" என்றால் எதற்காகப் பாராட்டு என்று பிள்ளைக்குத் தெரிகிறது, ஆகவே தனி வகை. இந்தப் பிரிப்பு வெறும் ஏட்டுச்சுரைக்காய் இல்லை. ஐபெர்க்கின் பெற்றோர்-குழந்தை சிகிச்சையில், ஐந்து நிமிட விளையாட்டில் பெற்றோர் காரணம் சொன்ன பாராட்டு 10, பிள்ளை பேசியதைத் திருப்பிச் சொல்வது 10, பிள்ளை செய்வதை விவரிப்பது 10 என்று எட்ட வேண்டும், கேள்வி, கட்டளை, குறை சொல்வது எல்லாம் சேர்ந்து மூன்றைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் அடுத்த கட்டம். கேள்விகூடக் கூடாதா என்று தோன்றும். கேள்வி கேட்டால் விளையாட்டின் கடிவாளம் பெரியவர் கைக்கு வந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம், எனக்கு அது சரியென்றே படுகிறது.

தமிழ் வீட்டுப் பேச்சில் இதைச் செய்து பாருங்கள், முதல் நிமிடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். "சாப்பிடுறியா?" என்பது கேள்வியா, தட்டை நீட்டிக்கொண்டே சொன்னால் கட்டளையா? சிரித்துக்கொண்டே "போடா போக்கிரி" என்றால் திட்டா கொஞ்சலா? விதிப்புத்தகம் இதற்கெல்லாம் பதில் எழுதி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு குறி போடுவார்கள்.

அதனால்தான் ஒரே வீடியோவின் ஒரு பகுதியையாவது இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிடுகிறார்கள். ஒத்துப்போன சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 100 வாக்கியங்களில் இருவரும் ஆளுக்குப் பத்தைப் பாராட்டு என்கிறார்கள், அவற்றில் ஐந்துதான் இருவரும் சொன்ன அதே வாக்கியங்கள். இருந்தாலும் மொத்தத்தில் 90 வாக்கியங்களில் ஒத்துப்போகிறார்கள், ஏனென்றால் 85 வாக்கியங்கள் பாராட்டு இல்லை என்பதில் சண்டையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அதே கணக்கில் குறி போட்டிருந்தாலும் 82 ஒத்துவந்திருக்கும். இந்தத் தற்செயலைக் கழித்துக் கணக்கிடும் எண்ணை உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960இல் தந்தார், பெயர் காப்பா: முழுக்க ஒத்துப்போனால் 1, தற்செயல் அளவுதான் என்றால் 0. நம் உதாரணத்தில் அது வெறும் 0.44. விதிகளைத் திருத்தி, ஆட்களுக்கு மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டிய அளவு.

சரி, தமிழில் என்ன சொல்வது? குறியாக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் கணினித் துறையில் தகவலை மறைத்து அனுப்புவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. நிரலாக்கம் முற்றிலும் வேறு வேலை. செயலுக்குக் குறியிடல், போடுகிற குறிக்குக் குறியீடு, விதிப்புத்தகத்துக்குக் குறியீட்டுக் கையேடு என்று வைத்துக்கொள்வதே என் தேர்வு. இலக்கண வகுப்பில் படித்த இடுகுறியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: அது காரணம் கேட்காத பெயர், இங்கே ஒவ்வொரு குறிக்கும் காரணம் காட்டியாக வேண்டும். செய்பவர் குறியிடுநர். குறியாளர் என்று சுருக்கினால் குறி சொல்கிறவர் மாதிரி ஒலிக்கிறது! இதற்கு முந்தைய படியான பார்த்தலை தமிழ்நாட்டுக் கல்வியியல் பாடநூல்கள் உற்றுநோக்கல் என்கின்றன, இலங்கையில் அவதானிப்பு. இரண்டில் எதையும் எழுதலாம், ஒரே கட்டுரைக்குள் மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் போதும்.