தாத்தாவின் போர்க்காலக் கடிதங்கள்: உறையைத் தூக்கி எறியாதீர்கள்

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் பணியாற்றிய தாத்தாவின் கடிதங்களைப் பழுதுபார்க்க என்னிடம் கொண்டுவருவோர், அவர் எந்த ஊரிலிருந்து எழுதினார் என்பதே தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். படை நிற்கும் இடத்தை எழுதினால் தணிக்கை அதிகாரி அந்த வரியை அழித்துவிடுவார். ஆகவே மழை பெய்ததா, பணம் வந்ததா என்ற விசாரிப்போடு கடிதம் முடிந்துவிடும்.

கடிதம் மறைத்ததை உறை பல சமயம் காட்டிக்கொடுக்கும். ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய முத்திரையில் ‘எஃப்.பி.ஓ.’ என்ற எழுத்துகளும் களத் தபால் நிலையத்தின் எண்ணும் இருக்கும். அந்நிலையங்கள் படையோடு நகர்ந்தவை என்பதால், எண்ணுடன் தேதியும் தெரிந்தால்தான் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

சென்ற ஆண்டு வந்த ஒரு பேத்தி, உறைகளைக் குப்பையென்று எரித்துவிட்டிருந்தார். நல்லவேளையாக, ஒரு கடிதத்தின் தலையில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, ‘தாரண௵ ஆடி௴’ என்றிருந்தது. அவர் அலங்காரக் கோடு என்று நினைத்தவை வருடத்தையும் மாதத்தையும் குறிக்கும் பழைய குறிகள். அதாவது 1944 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’ வடிவங்களில் தடுக்கி விழுந்தபடி மேலே படித்தவர், “பர்மாவுக்குப் போன தம்பியிடமிருந்து தகவல் உண்டா” என்ற வரியில் நின்றுவிட்டார். அப்படி ஒரு தம்பி இருந்ததை வீட்டில் யாரும் சொன்னதேயில்லை. போரில் இறந்த வீரர்களின் பெயர்களைப் பதிவுசெய்து வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடச் சொல்லி அனுப்பினேன். ரங்கூன் நினைவுச்சின்னத்தில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள் உள்ளன. பல இந்தியப் பெயர்களோடு தந்தை பெயரும் ஊரும் பதிவாகியிருப்பதால், ஒரே பெயர் பலருக்கு இருந்தாலும் பிரித்தறிய வழியுண்டு.

கடிதங்களைத் தொடுமுன், உறையின் இருபுறத்தையும் சேர்த்துப் படமெடுத்துவிடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பிறகு அதைப் பிரிப்பது எங்களுக்கே பெரும்பாடு. ராமபாணப் பூச்சி அரித்த தாளுக்கு செலோடேப் ஒட்டுவதும் அப்படித்தான். மடிப்பு நிமிர வேண்டுமென்று ஈரத்துணியால் ஒற்றுவது எல்லாவற்றிலும் கொடுமை: போர்முனையில் பலர் எழுதியது காப்பியிங் பென்சிலால், அதன் சாயம் நீர் பட்டால் ஊதாவாகக் கரைந்து ஓடும். அந்தத் தம்பியைப் பற்றிய வரியிலும் இரண்டு சொற்கள் மட்டும் ஊதாவாக அழுத்தமாக இருந்தன. பேத்தி அதைக் கறை என்று துடைக்கப் போனார். பென்சில் முனையைத் தாத்தா நாக்கில் நனைத்துக்கொண்டு எழுதிய இடம் அது.