பேமென்ட் செய்திக்கு எந்த டேட்டா வடிவம்? வேகம் அப்புறம், முதலில் பைட்டைப் பாருங்கள்

பணப் பரிமாற்றச் செய்திக்கு வடிவம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் பேச்சு உடனே வேகத்துக்கும் அளவுக்கும் தாவிவிடும். அவை இரண்டாம்பட்சம். செய்தியில் டிஜிட்டல் கையொப்பம் உண்டென்றால், அனுப்பியவர் கையொப்பமிட்ட அதே பைட்டுகள் சரிபார்ப்பவர் கைக்கும் வர வேண்டும். ஓர் இடைவெளி கூடினாலும் கையொப்பம் செல்லாது.

ஒவ்வொரு தகவலையும் பெயரோடு ஒரு ஃபீல்டாக எழுதும் உரை வடிவமான ஜேசான் (JSON) இங்கேதான் காலை வாரும். ஃபீல்டுகளுக்குக் கட்டாய வரிசை கிடையாது, 1.10-ஐ இன்னொரு லைப்ரரி 1.1 என்று திருப்பி எழுதும். தொகை ஃபீல்டு இரண்டு முறை வந்தால் சில பார்சர்கள் (செய்தியைப் பிரித்துப் படிக்கும் நிரல்கள்) முதலாவதை எடுக்கும், பல கடைசியை. வரம்பைச் சோதிக்கும் சர்வர் 100 ரூபாயைப் பார்த்து அனுமதிக்க, பணம் அனுப்பும் சர்வர் 10,000 ரூபாயை அனுப்பிவிடலாம். இரட்டை ஃபீல்டு வந்தால் அந்தச் செய்தியை அப்படியே நிராகரியுங்கள்.

ஜேசானின் வரிசையையும் எண்களையும் ஒழுங்குபடுத்த ஆர்எஃப்சி 8785 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இருக்கிறது. ஆனால் அது யூனிகோடைத் தொடாது. கடைப் பெயரில் உள்ள ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒன்று 6 பைட், மற்றது 9 பைட். திரையில் வித்தியாசமே தெரியாது, கையொப்பம் மட்டும் பொருந்தாது. பெயரை உள்ளே வாங்கும்போதே என்எஃப்சி (NFC, யூனிகோடில் ஒரே எழுத்தை ஒரே விதமாக எழுதும் முறை) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். கையொப்பமிட்ட பிறகு யாரும் தொடக்கூடாது.

உரையை விட்டுவிட்டு புரோட்டோபஃப் (Protobuf), சிபார் (CBOR) போன்ற பைனரி வடிவங்களுக்கு மாறினால் தப்பித்தோம் என்பதும் பிரமைதான். புரோட்டோபஃப் ஒரே செய்திக்கு எப்போதும் ஒரே பைட்டுகளைத் தரும் என்று அதன் ஆவணமே உறுதி தருவதில்லை. சிபாரில் 100 என்ற எண்ணை 2, 3, 5, 9 பைட்டுகளில் எழுத முடியும். மிகக் குறுகியதை மட்டுமே ஏற்க வேண்டும் என்றால் சிபாருக்கான ஆர்எஃப்சி 8949 சொல்லும் நிர்ணய முறையை (ஒரே தரவுக்கு எப்போதும் ஒரே பைட்டுகள்) உங்கள் நெறிமுறையிலும் கட்டாயமாக்க வேண்டும். எந்த வடிவமானாலும் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு: வந்த பைட்டுகளை அப்படியே வைத்து முதலில் கையொப்பத்தைச் சரிபாருங்கள், பிறகு செய்தியைப் பிரித்துப் படியுங்கள். பிரித்து, மறுபடி கட்டி, அதைச் சரிபார்ப்பதில்தான் பெரும்பாலான தலைவலிகள்.

தொகையைத் தசமத்தில் அனுப்பவே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட்டில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும்; பின்னத்தை வெட்டினால் ஒரு பைசா காணாமல் போகும். பைசாக் கணக்கில் முழு எண்ணாக, நாணயக் குறியீட்டோடு அனுப்புங்கள். எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசம இடம் என்று நினைக்கவும் வேண்டாம்: ஜப்பானிய யென்னுக்கு 0, குவைத் தினாருக்கு 3. பரிவர்த்தனை எண் என்றால் எழுத்துச்சரமாகவே போகட்டும். 9007199254740993 என்ற எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் 9007199254740992 ஆக்கிவிடும்.

நெறிமுறையை முடிவு செய்யும் முன், ஒரே செய்தியை இரண்டு வேறு மொழிகளில் எழுதிய நிரல்களால் உருவாக்கி, பைட்டுக்குப் பைட் ஒப்பிடுங்கள். சோதனைச் செய்திகளில் தமிழ்ப் பெயர், 0 தொகை, இரட்டை ஃபீல்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அளவுக்கு மீறி ஆழமாக அடுக்கிய தரவு எல்லாம் இருக்கட்டும்.