வரக்காப்பி போதையை இறக்காது

"நல்லாத் தெளிஞ்சுட்டான் மேடம். ரெண்டு டம்ளர் வரக்காப்பி குடிக்க வெச்சுட்டுத்தான் வண்டியை எடுக்க விட்டோம்."

போன சனிக்கிழமை இரவு ஒரு மணிக்கு கேஷுவாலிட்டி வாசலில் ஒரு பையன் என்னிடம் சொன்னது இது. அவன் சட்டையில் கல்யாண வீட்டுச் சந்தனமும் இருந்தது, ரத்தமும் இருந்தது. உள்ளே அவன் நண்பன் தாடை உடைந்து கிடந்தான். மண்டபத்திலிருந்து வீடு நான்கு கிலோமீட்டர்தான். ரோட்டோரம் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் பைக்கை ஏற்றிவிட்டான். ஒரே மாதத்தில் எனக்கு இது மூன்றாவது வரக்காப்பி கேஸ். அந்தப் பையனைத் திட்டிவிட்டேன். பாவம், அவன் நண்பனுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் காப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

காப்பி போதையை இறக்காது. பால் விடாமல் குடித்தாலும், சுக்குத் தட்டிப் போட்டாலும், நான்கு டம்ளர் குடித்தாலும் இறக்காது. மோர், எலுமிச்சை, தலையில் ஒரு குடம் தண்ணீர், விரலை விட்டு வாந்தி எதுவும் இறக்காது. ரத்தத்தில் கலந்துவிட்ட ஆல்கஹாலை வெளியேற்றுவது பெரும்பாலும் கல்லீரலின் வேலை. அது தன் வேகத்தில்தான் செய்யும். அவசரப்படுத்த எங்களிடமே மருந்து கிடையாது. குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினாலும் இறங்காது. (ஏற்றச் சொல்லி வாரம் ஒருவராவது சண்டை போடுகிறார்கள்.)

கணக்குப் போட்டால்தான் புரியும் என்பவர்களுக்காக: ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதம் என்றால் அதில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். 70 கிலோ ஆள் அதை மடமடவென்று குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் வரை ஏறும். மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் இறங்கும். சட்டம் அனுமதிப்பது 30. அதற்கு வரவே ஆறு மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் காப்பியால் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

அப்படியென்றால் காப்பி என்னதான் செய்கிறது? தூக்கத்தை விரட்டுகிறது. அவ்வளவுதான். தூரத்தைக் கணிப்பது, சட்டென்று பிரேக் அடிப்பது, 'இது வேண்டாம்' என்று தோன்றுவது எல்லாம் மங்கியது மங்கியபடியே இருக்கும். முன்பு தள்ளாடித் தூங்கிவிழுந்த குடிகாரன், இப்போது கண் முழித்த குடிகாரன். உண்மையில் தூக்கம்தான் அவனைக் காப்பாற்றியிருக்கும். மண்டபத்துப் பாயில் சுருண்டிருப்பான், சாவி பையிலேயே கிடந்திருக்கும். அந்தத் தூக்கத்தை எழுப்பி, கையில் சாவியையும் கொடுத்து அனுப்புகிறோம்.

எனர்ஜி டிரிங்க்கில் கலந்து குடிப்பதும் இதே கதைதான். ஏறியது தெரியாது, அதனால் இன்னொரு ரவுண்டு போகும். 2010-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கஃபீன் கலந்து மதுபானம் விற்ற நான்கு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அங்கே டின்னில் கலந்து விற்றதை இங்கே நம் பசங்கள் டம்ளரில் கலந்துகொள்கிறார்கள். விடியற்காலையில் "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று வருபவர்களில் இப்படிக் குடித்தவர்களும் உண்டு. இ.சி.ஜி.யில் துடிப்பு தாறுமாறாக ஓடுவதையும் பார்த்திருக்கிறேன்.

விபத்தைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. சொருகிய கண்ணோடு கிடப்பவனின் வாயைத் திறந்து காப்பியை ஊற்றுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் ஒருவர் விழித்திருங்கள். தட்டியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டுவிட்டது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். "தூங்கினா சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் குடித்துவிட்டு உளறினால், அது போதையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சாப்பிடாமல் குடித்திருந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருக்கலாம். சர்க்கரையில்லாத வரக்காப்பி அங்கே ஒன்றுக்கும் ஆகாது. குளுக்கோமீட்டரில் பாருங்கள், மீட்டர் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள். தலையில் அடிபட்டவரையும் அப்படித்தான். சாராய வாடை அடிக்கிறதே என்று நாங்களே ஏமாறுவதுண்டு.

அந்தப் பையன் கடைசியில் கேட்டது: "ஏ.ஆர். காப்பியில வாடைன்னு எழுதாதீங்க மேடம், இன்சூரன்ஸ் வராது." (ஏ.ஆர். காப்பி என்றால் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்.) ராத்திரி முழுக்க இந்தக் காப்பி, அந்தக் காப்பி. எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினேன். முதல் தடவை பிடிபட்டாலே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், சில நேரம் இரண்டும் என்பதை அவன் அப்போதுதான் கேள்விப்பட்டான்.

சாவியை முதல் ரவுண்டுக்கு முன்னாலேயே வாங்கி, குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். சமையல்காரர் இருப்பார், மண்டப வாட்ச்மேன் இருப்பார். காலையிலும் அவசரப்பட்டுத் திருப்பித் தராதீர்கள். இரவு பத்தரைக்கு ஒரு குவார்ட்டர் முடித்தவன் நாலரை மணி வரைக்குமாவது வண்டி ஓட்ட லாயக்கில்லை. ஆஃப் அடித்தவன் மதியப் பந்தி முடியும்வரை லாயக்கில்லை. முகூர்த்தத்துக்குப் பெண் வீட்டாரை அழைத்து வர அவனை அனுப்பாதீர்கள்.