எட்டுப் பேருக்கு காச்சோ இ பெப்பே: சீஸ் ஏன் திரிகிறது?

பாஸ்தா, பெக்கோரினோ ரோமானோ என்ற செம்மறியாட்டுப் பால் கெட்டிச் சீஸ், மிளகு. ரோம் நகரத்துப் பாஸ்தா உணவான காச்சோ இ பெப்பேவுக்கு இந்த மூன்றும் போதும். வெண்ணெயோ கிரீமோ சேர்ப்பதில்லை. இருவருக்குச் செய்யும்போது ஒழுங்காக வரும் சாஸ், முன்பின் அறியாத எட்டு விருந்தினர் மேசையில் காத்திருக்கும் நாளில் திரிந்து, ரப்பர் போலக் கட்டியாகிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். அளவு கூடுவதுதான் காரணம். 600 கிராம் பாஸ்தா ஒன்றாகக் குவிந்திருந்தால் சூடு எளிதில் இறங்காது. சீஸ் அவ்வளவு சூட்டைத் தாங்காது.

சுமார் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சீஸின் புரதங்கள் குலைந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதுவரை அவற்றோடு கலந்திருந்த நீர் பிரிந்துவிடுகிறது. புரதங்களுக்கு இடையே மாவுச்சத்து இருந்தால் இந்தப் பிடிப்பு நடக்காது. பாஸ்தா வெந்த நீரில் மாவுச்சத்து உண்டுதான். ஆனால் எவ்வளவு என்று சொல்ல முடியாது, பெரிய அண்டா நிறைய நீர் வைத்தால் அது நீர்த்தும் போகும். 2025இல் ‘பிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்’ இதழில் இத்தாலிய இயற்பியலாளர்கள் இதை அளந்து எழுதினார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் அதே ஆண்டு அவர்களுக்குக் கிடைத்தது. சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து வேண்டும். 1 சதவீதத்துக்குக் குறைந்தால் திரியும். 4 சதவீதத்தைத் தாண்டினால் ஆறும்போது இறுகிவிடும்.

எட்டுப் பேருக்கு 600 கிராம் டோன்னரெல்லி (ஸ்பகெட்டி போன்ற, சற்றுத் தடித்த பாஸ்தா) அல்லது ஸ்பகெட்டி, 400 கிராம் பெக்கோரினோ, 10 கிராம் கார்ன்ஃப்ளார் எடுங்கள். கார்ன்ஃப்ளாரை 100 மில்லி நீரில் கரைத்து, கண்ணாடிபோலத் தெளிந்து கெட்டியாகும்வரை காய்ச்சுங்கள். பச்சையாகச் சேர்த்தால் பயனில்லை. வெந்து கஞ்சியானால்தான் அது வேலை செய்யும். அடுப்பிலிருந்து இறக்கி, 200 மில்லி குளிர்ந்த நீர் ஊற்றிச் சூட்டைத் தணித்த பிறகே துருவிய சீஸைப் போட்டு மிக்சியில் அடிக்க வேண்டும். மிளகை வெறும் வாணலியில் வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்துக் கலந்துகொள்ளுங்கள். பெக்கோரினோவில் உப்பு தூக்கல் என்பதால் பாஸ்தா நீரில் வழக்கமான உப்பில் பாதி போதும்.

வடித்த பாஸ்தாவை ஒரு நிமிடம் ஆறவிட்டு சாஸைச் சேர்த்து, வடித்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். யாராவது தாமதமாக வந்தால் இளந்தீயில் மறுபடி சூடாக்கலாம். மாவுச்சத்து இருப்பதால் சாஸ் திரியாது; விருந்துக்கு இந்த முறையின் பெரிய லாபம் இதுதான்.

ஒயினுக்கு ரோமுக்குத் தெற்கே உள்ள மலைப்பகுதியின் வெள்ளை ஒயினான ஃப்ராஸ்காட்டி நன்றாகப் பொருந்தும். 10 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கட்டும். நாக்கில் சூட்டை உணரும் அதே ஏற்பியைத்தான் (நரம்பின் உணர்வுப் புரதத்தை) மிளகின் காரப்பொருளான பைப்பரினும் தூண்டுகிறது. ஆல்கஹால் அந்த ஏற்பியை மேலும் கூர்மையாக்கும். அதனால் ஆல்கஹால் கூடிய சிவப்பு ஒயினோடு மிளகுக் காரம் எரிச்சலாகிவிடும். சிவப்பு ஒயினில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் வேறு உமிழ்நீர்ப் புரதங்களைப் பற்றி, வாயைத் துவர்த்து வறளச் செய்யும். 750 மில்லி பாட்டில் ஒன்றில் ஆறு கிளாஸ் வரும். எட்டுப் பேருக்கு இரண்டு பாட்டில்.

அறிமுகமில்லாதவர்களை அழைக்கும்போது ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெக்கோரினோ ரோமானோவுக்குப் பாலை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். ஆகவே இது கண்டிப்பான சைவ உணவுக்காரர்களுக்கு ஆகாது. அவர்களுக்குத் தாவர ரென்னெட்டால் செய்த, நன்கு முதிர்ந்த கெட்டிச் சீஸை வாங்கித் தனியாகச் செய்யுங்கள். மாவுச்சத்துக் கணக்கு அதுவேதான்.